ஹெட்லைட் வெளிச்சம் போதவில்லையா? பல்பா, வயரா, கூடா: எதை மாற்றுவது?

கேள்வி பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வருகிறது. "கார் வாங்கி எட்டு வருஷம் ஆச்சு. ஹாலஜன் ஹெட்லைட். ஊருக்குப் போற ரோட்டுல எதிர்ல பஸ் வந்துட்டா அப்புறம் ஒண்ணுமே தெரியல. கடையில எல்இடி போடச் சொல்றாங்க, ரெண்டு நிமிஷ வேலைங்கறாங்க. போடலாமா?"

கேட்பவர்கள் பலர் ஏற்கெனவே பாதி முடிவு எடுத்துவிட்டவர்கள். அட்டைப் பெட்டியில் 20,000 லூமன் (ஒளியின் அளவைச் சொல்லும் அலகு) என்று போட்டிருக்கிறது, விலையும் கைக்கு அடங்குகிறது. இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது என்று தோன்றுவது இயல்பு. நானும் அப்படித்தான் ஒரு ஜோடி வாங்கி மாட்டினேன். மூன்றே வாரத்தில் கழற்றினேன். அந்தக் கதை கீழே வருகிறது.

வண்டிக்கான ஒளிமூல விதிகளைப் படித்தால், அவற்றை எழுதியவர்கள் எவ்வளவு வெளிச்சம் என்பதோடு நிற்கவில்லை என்பது தெரியும். ஒளி எந்தப் புள்ளியில் பிறக்கிறது என்பதற்குத்தான் பக்கம் பக்கமாக வரைபடம் போட்டிருக்கிறார்கள். கடை அந்த அளவை நமக்குக் காட்டுவதே இல்லை.

## முதலில் அளவுகோல்கள்

ஒளி பிறக்கும் இடம். நம் ஊர்க் கார்களில் அதிகம் இருப்பது எச்4 என்ற ஹாலஜன் பல்பு. 1971-இல் வந்த வடிவம். உள்ளே இரண்டு இழைகள்: பிரைட்டுக்கு ஒன்று, டிம்முக்கு ஒன்று. டிம் இழைக்குக் கீழே சின்ன உலோகக் கிண்ணம் ஒன்று இருக்கும். அது ரிஃப்ளெக்டரின் கீழ்ப் பாதிக்கு ஒளி போகாமல் தடுக்கிறது. சுவரில் தெரியும் வெட்டுக்கோட்டை, அதாவது வெளிச்சம் முடிந்து இருட்டு தொடங்கும் கோட்டை, வரைவது அந்தக் கிண்ணத்தின் விளிம்புதான். விளிம்பின் ஒரு பக்கம் 15 பாகை சாய்ந்திருப்பதால், நமக்கு இடதுபுறம் மட்டும் ஒளி சற்று மேலேறி, ஓரத்தில் நடப்பவரைக் காட்டும். வலதுபுறம் எதிரே வருபவரின் கண்ணுக்குக் கீழேயே நின்றுவிடும்.

இது எவ்வளவு நுட்பமான ஏற்பாடு என்பதற்கு ஒரு கணக்கு. குவியத் தூரம் 25 மில்லிமீட்டர் உள்ள ரிஃப்ளெக்டரில் ஒளிமூலம் ஒரே ஒரு மில்லிமீட்டர் மேலோ கீழோ விலகினால், 10 மீட்டர் தள்ளியுள்ள சுவரில் ஒளி ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் இடம் மாறும். ஆனால் அதே 10 மீட்டரில் டிம் ஒளி விளக்கின் உயரத்தைவிட 10 சென்டிமீட்டர்தான் தாழ்ந்திருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் தவறுக்கே அத்தனை ஒளியும் எதிரே வருபவர் முகத்துக்குப் போய்விடும்.

இதனால்தான் ஐ.நா.வின் 37-ஆம் விதி, அதாவது இழை பல்புகளுக்கான விதி, ஒவ்வொரு வகைக்கும் வாட், லூமன், அடிப்பாகத்தின் வடிவம், இழையின் இருப்பிடம் எல்லாவற்றையும் சேர்த்துப் பூட்டுகிறது. எச்7 என்றால் 55 வாட், 1500 லூமன், அடித்தளத்திலிருந்து இழையின் மையம் 25 மில்லிமீட்டர். எச்4 என்றால் 60/55 வாட், பிரைட்டில் 1650 லூமன், டிம்மில் 1000 லூமன், கூடவோ குறையவோ 15 சதவீதம். இந்த அளவுகள் 13.2 வோல்ட்டில் எடுக்கப்படுபவை. அதைப் பின்னால் பார்ப்போம், அங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. இந்தியாவில் இதே அடிப்படையில் அமைந்தது ஏஐஎஸ்-034 தரம்.

எதிரே வருபவரின் கண். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-ஆம் விதி இதை அளந்தே சொல்கிறது. விளக்குக்கு 8 மீட்டர் முன்னால், வண்டியின் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் வலப்புறம், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஒருவருடைய கண் இருந்தால், அது கூசக் கூடாது. எதிரே பைக்கில் வருபவரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், இடம் சரியாகப் புரியும்.

சட்டம். 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தில் 182-ஏ என்ற பிரிவு இருக்கிறது. அனுமதிக்கப்படாத முறையில் உரிமையாளர் வண்டியை மாற்றியமைத்தால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சாலையில் எல்லாரையும் பிடிக்கிறார்களா என்பது வேறு விஷயம். விபத்து வழக்கிலும் காப்பீட்டுத் தகராறிலும் இந்தப் பிரிவு தலை காட்டும்.

மறைந்திருக்கும் செலவு. வயர், ஹோல்டர், ரிஃப்ளெக்டர் இவற்றுக்கு என்ன ஆகும்? ராத்திரி பதினொரு மணிக்கு விழுப்புரத்துக்குப் பக்கத்தில் பல்பு போனால் மாற்று எங்கே கிடைக்கும்? பெட்டி விலையில் இந்த இரண்டும் இருக்காது.

## வழி 1: அதே பல்பு, ஆனால் சரியான மின்சாரம்

யாரும் இதை விளம்பரம் செய்வதில்லை, விற்க ஒன்றும் இல்லையே. என் பார்வையில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இதுவே போதும்.

ஹாலஜன் பல்பின் ஒளி, மின்னழுத்தத்தோடு நேர்விகிதத்தில் ஏறி இறங்குவதில்லை. ஏறக்குறைய அதன் 3.4-ஆம் அடுக்கில் மாறுகிறது. 13.2 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 12 வோல்ட் வந்தால் குறைவு 9 சதவீதம்தான். வெளிச்சத்திலோ 28 சதவீதம் காணாமல் போகும். ஸ்டியரிங் பக்கத்துச் சுவிட்ச் வழியாக முழு மின்சாரமும் சுற்றி வரும் பழைய வண்டிகளில் இது சர்வசாதாரணம். துருப்பிடித்த எர்த், கருகிய கப்ளர் (வயர்களை இணைக்கும் செருகி), மெல்லிய வயர் ஆகிய ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும்.

என் பழைய ஹேட்ச்பேக்கில் இன்ஜினை ஓடவிட்டு மீட்டர் வைத்துப் பார்த்தபோது பேட்டரியில் 13.7 வோல்ட், ஹோல்டரில் 11.9. கணக்குப் போட்டால், கிடைக்க வேண்டிய வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வயரிலேயே செத்துக்கொண்டிருந்தது. நான் அத்தனை நாளும் பல்பைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

இதற்கு மருந்து ரிலே: சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் சுவிட்ச். பேட்டரியிலிருந்து தடித்த வயர், நடுவில் பியூஸ், ரிலே வழியாக நேரே ஹோல்டருக்கு. பழைய சுவிட்ச் ரிலேயை இயக்கினால் போதும், பல்பின் மின்சாரம் அதன் வழியே போகாது. சென்னை ஜி.பி. ரோட்டிலோ உங்கள் ஊர் எலெக்ட்ரிகல் கடையிலோ ரிலே கிட் கிடைக்கும். வயரை வெட்டாமல் கப்ளரோடு மாட்டும் வகையைக் கேளுங்கள்.

கூடவே இரண்டு வேலை. மஞ்சள் பூத்த பிளாஸ்டிக் கண்ணாடியைத் தேய்த்து மெருகேற்றி, மேலே பாதுகாப்புப் பூச்சு கொடுக்கச் சொல்லுங்கள். பூச்சு இல்லாமல் வெறுமனே பாலிஷ் போட்டால் சில மாதத்தில் திரும்பவும் மஞ்சளாகும். அடுத்து, விளக்கின் கோணத்தைச் சரிசெய்வது. விளக்கின் பின்னால் உள்ள திருகைத் திருப்பினால் முடியும் வேலைதான், ஆனால் முன்பக்கம் இடிபட்டுச் சரிசெய்த வண்டிகளில் யாரும் அதைத் தொடுவதே இல்லை.

குறை? வெள்ளை வெளேரென்ற தோற்றம் வராது. மின்னழுத்தம் கூடும்போது பல்பின் ஆயுள் குறையும். 5 சதவீதம் கூடினாலே ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். ஆனால் பல்பு சில நூறு ரூபாய், எந்த ஊர்ப் பெட்ரோல் பங்க் பக்கத்துக் கடையிலும் கிடைக்கும். விதிப்படி ஒரு சிக்கலும் இல்லை: பல்பும் கூடும் (ரிஃப்ளெக்டரும் கண்ணாடியும் சேர்ந்த விளக்கு) அப்படியே இருக்கின்றன.

## வழி 2: '130 சதவீதம் கூடுதல்' வகை ஹாலஜன்

பெயரைப் பார்த்தால் இரண்டு மடங்குக்கும் மேல் வெளிச்சம் என்று தோன்றும். விதி 15 சதவீதத்துக்கு மேல் விலக அனுமதிக்காதபோது 130 எப்படி வரும்? பெட்டியைத் திருப்பிச் சின்ன எழுத்தைப் படித்தால், சாலையின் ஏதோ ஒரு புள்ளியில், சட்டம் கேட்கும் குறைந்தபட்ச அளவோடு ஒப்பிட்டிருப்பார்கள். மொத்த ஒளி பெரிதாகக் கூடுவதில்லை. இழையைச் சிறிதாக்கி, இன்னும் துல்லியமாக நிறுத்தி, உள்ளே வாயு அழுத்தத்தைக் கூட்டி, இருக்கும் ஒளியைத் தூரத்தில் குவிக்கிறார்கள்.

அதனால் இது ஏமாற்று என்று சொல்லமாட்டேன். நல்ல நிறுவனத்தின் தயாரிப்பில் தூரப் பார்வை உண்மையாகவே மேம்படும், அதுவும் முழுக்க விதிக்குள். விலையை ஆயுளில் கட்டுகிறோம்: சாதாரண பல்பைவிடச் சீக்கிரம் போகும். வாடகை டாக்ஸிக்கு ஒத்துவராது. மாதத்தில் இரண்டு தடவை இரவுப் பயணம் போகிறவருக்கு ஒத்துவரும்.

இதே அலமாரியில் நீலக் கண்ணாடி பல்பும் இருக்கும். அதன் பூச்சு, ஏற்கெனவே உள்ள ஒளியைத்தான் கொஞ்சம் உறிஞ்சி நீலமாக்குகிறது. பணம் கொடுத்து வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்வது. தாண்டிப் போங்கள்.

## வழி 3: 100/90 வாட்

ஜீப்பிலும் பழைய வேன்களிலும் அண்ணன்மார் இன்னும் விரும்பிப் போடுவது. எச்4 ஹோல்டரில் சமர்த்தாக உட்காரும். ஆனால் அது எச்4 இல்லை. 55 வாட் டிம் இழை, 13.2 வோல்ட்டில் 68 வாட்டைத் தாண்டக் கூடாது என்பது விதி. 90 வாட் இழைக்கு அந்தப் பெயரே பொருந்தாது.

டிம்மில் ஒரு பல்புக்கு 4.6 ஆம்பியர் ஓடிய வயரில் 7.5 ஆம்பியர் ஓடும். வயரில் பிறக்கும் சூடு ஆம்பியரின் இருமடி என்பதால், அது இரண்டரை மடங்குக்கு மேல். ரிலே போடாமல் மாட்டினால் கப்ளர் இளகும். ரிலே போட்டு மாட்டினால் வயர் தப்பும், பிளாஸ்டிக் ரிஃப்ளெக்டர் உள்ளுக்குள் புகைபிடித்தது போல மங்கும். பிறகு 60/55-க்குத் திரும்பினாலும் பழைய வெளிச்சம் வராது, கூடு கெட்டுவிட்டது. இரும்பு ரிஃப்ளெக்டர் உள்ள பழைய வட்ட விளக்கில் மட்டும் தாக்குப்பிடிக்கும். அங்கேயும் எதிரே வருபவருக்கு நிவாரணம் இல்லை.

## வழி 4: எச்ஐடி கிட்

எச்ஐடி என்பது இழை இல்லாமல், வாயுவில் மின்சாரம் பாய்ச்சி எரியும் விளக்கு. பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் இதுதான் ஆசை. இப்போது கடைகளில் குறைந்துவிட்டது, சுருக்கமாகவே சொல்கிறேன்.

தொழிற்சாலையிலேயே வாயு விளக்கோடு வந்த கார் வேறு, கிட் வேறு. 1991-இல் பிஎம்டபிள்யூ 7 வரிசையில் முதலில் வந்த இந்தத் தொழில்நுட்பத்துக்கு ஐ.நா.வின் 99-ஆவது விதி தனியாக இருக்கிறது. அதில் டி2எஸ் என்ற வகை என்றால் 35 வாட், 3200 லூமன். சுவிட்ச் போட்ட ஒரு விநாடியில் கால் பங்கு ஒளியும், நான்கு விநாடியில் 80 சதவீதமும் வரவேண்டும் என்பதுவரை எழுதியிருக்கிறார்கள். ஐ.நா.வின் விளக்குப் பொருத்தல் விதி, டிம் ஒளிமூலம் 2000 லூமனைத் தாண்டினால் கண்ணாடி கழுவும் கருவியும் தானியங்கி மட்டம் பிடிக்கும் கருவியும் கேட்டது. காரின் பின் சீட்டில் நான்கு பேர் ஏறினால் மூக்கு தூக்கும், தூசி படிந்தால் ஒளி சிதறும். 3200 லூமனோடு இரண்டும் ஆபத்து. பிறகு சரியாக 2000 லூமனில் 25 வாட் டி8எஸ் வந்தது தற்செயல் இல்லை. அந்தக் கருவிகளின் செலவை மிச்சம் பிடிக்கத்தான்.

டி2எஸ்-இன் அடிப்பாகம் எச்4 ஹோல்டரில் ஏறாது. கிட் விற்றவர்கள் அந்த வாயுக் குழாயை எச்4 அடிப்பாகத்தில் ஒட்டினார்கள். 37-ஆம் விதியிலும் இல்லை, 99-ஆம் விதியிலும் இல்லை, எதற்கும் சேராத பிறவி. மட்டக் கருவியும் கிடையாது. இன்று புதிதாக இதைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

இலங்கையில் ஜப்பானிலிருந்து வந்த பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தாது. அவற்றில் பலவற்றில் வாயு விளக்கு தொழிற்சாலையிலேயே வந்தது, ஜப்பானும் இடதுபுறம் ஓட்டும் நாடு. அவர்கள் செய்யவேண்டியது, கண்ணாடியிலோ பழைய பல்பிலோ எழுதியிருக்கும் அதே டி வகையை வாங்குவது. டி2-வுக்குப் பதில் பாதரசம் இல்லாத டி4 என்று மாற்றிப் போடக் கூடாது, இரண்டும் ஓடும் மின்னழுத்தம் வேறு.

## வழி 5: ஹாலஜன் கூட்டில் எல்இடி பல்பு

பெட்டியில் உள்ள எண்ணிலிருந்து தொடங்கலாம். நல்ல எல்இடி ஒரு வாட்டுக்கு 100 முதல் 150 லூமன் வரை தரும். 20,000 லூமன் வேண்டுமென்றால் குறைந்தது 130 வாட்டுக்கு மேல் இழுக்க வேண்டும். கட்டைவிரல் அளவு அலுமினியத்தால் அந்தச் சூட்டைத் தாங்க முடியாது. பெரும்பாலானவை 20, 30 வாட்தான் இழுக்கின்றன. இன்ஜின் பக்கத்துச் சூட்டில் பத்து நிமிடம் ஓடியதும் அதிலும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளும்.

லூமன் பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை, இடம் சரியாக இருந்தால். அங்கேதான் இடிக்கிறது. இழை ஒரு மெல்லிய உருளை, சுற்றிலும் ஒரே சீராக ஒளிவிடும். எல்இடி குச்சியில் தட்டையான சில்லுகள் இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கும், நடுவே தகட்டின் கனம். இழை இருக்கவேண்டிய கோட்டில் இருப்பது தகடு, ஒளி பிறப்பது அதற்கு இரு பக்கமும் தள்ளி. மேலே போட்ட ஒரு மில்லிமீட்டர் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

நான் மாட்டிய அன்று குடியிருப்பின் மதில் சுவரில் பார்த்தேன். பழைய பல்பில் கத்தியால் வெட்டியது போலிருந்த கோடு இப்போது கரைந்து, அதற்கு மேலே வெள்ளையாக ஒரு புகை. காருக்கு முன்னால் பத்துப் பதினைந்து மீட்டர் பளீரென்று பால் ஊற்றியது போல. "செம வெளிச்சம் சார்" என்று காவலாளி அண்ணன் சொன்னார், எனக்கும் பெருமையாக இருந்தது. நெடுஞ்சாலையில் ஏறிய பிறகுதான் புரிந்தது. கிட்டத்துப் பளிச்சில் கண்மணி சுருங்கிவிடுகிறது, தூரத்து இருட்டு இன்னும் இருட்டாகிறது. எதிரே வந்தவர்கள் ஒருவர் விடாமல் டிம்-பிரைட் அடித்தார்கள். நான் டிம்மில்தான் போய்க்கொண்டிருந்தேன். மழை பெய்த ஒரு ராத்திரி, ஈரத் தாரில் வெள்ளைக் கோடுகூடத் தெரியாமல் ஓரங்கட்டி நின்றேன். மறுநாள் கழற்றினேன்.

எல்லா எல்இடி பல்பும் இப்படித்தானா? இல்லை. இந்த இடத்தில் ஜெர்மனி செய்த காரியம் கவனிக்கத்தக்கது. 2020-இல் அங்குள்ள வாகனப் போக்குவரத்து ஆணையம் ஆஸ்ராம் நிறுவனத்தின் எச்7 எல்இடி பல்பு ஒன்றை முதன்முறையாகச் சாலைக்கு அனுமதித்தது. அடுத்து பிலிப்ஸும் வந்தது. ஆனால் அனுமதி பல்புக்கு மட்டும் கொடுக்கப்படவில்லை. எந்தக் காரின் எந்த ஹெட்லைட்டில் போடலாம் என்று பட்டியல் உண்டு. ஒவ்வொரு கூட்டிலும் மாட்டி அளந்து பார்த்த பிறகே பெயர் சேரும். பட்டியலில் இல்லாத காரில் அதே பல்பு சட்டவிரோதம். பிரிட்டன் நேரெதிர் வழியில் போனது: 2021 ஜனவரி முதல், ஹாலஜன் கூட்டில் எல்இடியோ எச்ஐடியோ இருந்தால் காரின் வருடாந்தரச் சோதனையில் தோல்வி. ஒரு நாடு அனுமதித்தது, ஒரு நாடு தடுத்தது. பல்பையும் கூட்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பதில் இரண்டுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. நம் கடையில் யாரும் உங்கள் கூட்டில் மாட்டி அளந்து கொடுப்பதில்லை.

கடையில் இன்னொரு வித்தை நடக்கும். "இ-மார்க் இருக்கு சார், யூரோப் அப்ரூவல்" என்று வட்டத்துக்குள் இ எழுத்தைக் காட்டுவார்கள். பக்கத்தில் உள்ள எண்ணைப் படியுங்கள். 10ஆர் என்று இருந்தால், அது ஐ.நா.வின் 10-ஆம் விதி: மின்காந்தக் குறுக்கீடு பற்றியது. அந்தப் பல்பு உங்கள் ரேடியோவில் கரகர சத்தம் உண்டாக்காது என்று சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள். ஒளி எங்கே போகிறது என்பதை யாரும் பார்க்கவில்லை. முத்திரை பொய்யில்லை, கேள்விதான் வேறு.

மறைந்த செலவும் உண்டு. பின்னால் விசிறி இருப்பதால் ரப்பர் மூடி மூடாது, ஓட்டை போடச் சொல்வார்கள். மழைக்காலத்தில் கூட்டுக்குள் நீர் கோக்கும். விசிறி நின்றால் பல்பும் போச்சு. சில கார்களில் பல்பு எரியவில்லை என்று டேஷ்போர்டில் எச்சரிக்கை வரும். அதற்கு ஒரு கூடுதல் கருவி விற்பார்கள்.

இதைத் தேர்ந்தெடுக்கச் சரியான சூழல் என்று இன்றைய நம் நாட்டு நிலையில் என்னால் ஒன்றைச் சொல்ல முடியவில்லை. தோட்டத்துக்குள் மட்டும் ஓடும் டிராக்டருக்குப் போட்டுக்கொள்ளலாம், தென்னை மரத்துக்குக் கண் கூசாது.

## வழி 6: கூட்டோடு மாற்றுவது

உங்கள் காரின் உயர்ரக மாடலில் தொழிற்சாலை எல்இடி விளக்கோ புரொஜெக்டரோ (லென்ஸ் வழியே ஒளியை அனுப்பும் விளக்கு) வந்திருந்தால், அந்த முழு விளக்கை வாங்கி மாட்டலாமா? ஒளியைப் பொறுத்தவரை மேலே உள்ள எல்லாவற்றையும்விட இது சிறந்தது. சில்லும் லென்சும் ஒன்றுக்கொன்று என்று வரையப்பட்டவை, ஒன்றாகச் சோதிக்கப்பட்டவை. 2007-இல் லெக்சஸ் கார் ஒன்றில் டிம் விளக்காக எல்இடி வந்ததும் இப்படித்தான், ஹாலஜன் கூட்டுக்குள் நுழைந்து அல்ல.

செலவுதான் மலைக்க வைக்கும். ஒரு பக்க விளக்கே பல்பைப் போலப் பல பத்து மடங்கு. கப்ளர் பொருந்தாமல் போகலாம், கணினியில் அமைப்பு மாற்ற வேண்டிவரலாம். சில்லு போனால் பல்பு போல மாற்ற முடியாது, முழு விளக்கும் போக வேண்டும். சின்ன உரசலுக்கும் அதே கதை. சட்டப்படி பார்த்தாலும் உங்கள் கார் மாடலுக்கு ஒப்புதல் வாங்கியது ஹாலஜன் விளக்கோடுதான். ஆகவே நிறுவனத்தின் சர்வீஸ் மையமே மாட்டி, பில்லில் எழுதிக் கொடுத்தால் மட்டும் இறங்குங்கள்.

வெளிநாட்டுப் பழைய விளக்கு வாங்குகிறவர்களுக்கு ஒன்று. துபாயிலிருந்தோ ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளிலிருந்தோ வந்தால், அது வலதுபுறம் ஓட்டும் நாட்டுக்கான விளக்கு. மேலேறும் ஒளி வலப்பக்கம், அதாவது இங்கே எதிரே வருபவரின் முகத்தில்.

புதுக் கார் வாங்கும் நிலையில் இருப்பவர்கள் மட்டும் இந்த வழியை முதலில் யோசிக்கலாம். சன்ரூஃபுக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தை நல்ல ஹெட்லைட் உள்ள மாடலுக்குக் கொடுங்கள் என்பது என் கட்சி. ஷோரூமில் விளக்கை ஏற்றிப் பார்த்துப் பயனில்லை, ராத்திரி டெஸ்ட் டிரைவ் கேளுங்கள்.

கூடுதல் விளக்கு வைக்கலாமா என்றும் கேட்கிறார்கள். பம்பரில் தொழிற்சாலை இடம் விட்ட இடத்தில் ஃபாக் லைட் சரி. அது கிட்டத்து ஓரங்களைக் காட்டும், தூரத்தைக் காட்டாது. கூரையிலும் பம்பர் மேலும் வைக்கும் தேடுவிளக்குகளை 111-ஆம் விதி பதிவு அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் தடுக்கிறது.

## ஒரே பார்வையில்

| வழி | ஒளியின் இடம் | எதிரே வருபவர் | சட்டம் | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| அதே பல்பு, ரிலே, கோணம் | மாறாது | தொந்தரவில்லை | சரி | பல்பு ஆயுள் சற்றுக் குறையும் |
| 'கூடுதல்' ஹாலஜன் | இன்னும் துல்லியம் | தொந்தரவில்லை | சரி | அடிக்கடி மாற்ற வேண்டும் |
| 100/90 | ஏறக்குறைய சரி | கூசும் | தவறு | வயர், கப்ளர், ரிஃப்ளெக்டர் |
| எச்ஐடி கிட் | தவறு | மிகவும் கூசும் | தவறு | மட்டக் கருவி இல்லை |
| எல்இடி பல்பு | பெரும்பாலும் தவறு | கூசும் | தவறு | நீர் கோத்தல், விசிறி |
| முழு விளக்கு | சரி | கோணம் சரியானால் தொந்தரவில்லை | மாட்டுபவரைப் பொறுத்தது | விலை, முழு மாற்று |

## பைக், லாரி

பைக்கில் எச்எஸ்1 பல்பு என்றால் 35/35 வாட், டிம்மில் 525 லூமன்தான். எச்4-இன் பாதி. 2017 ஏப்ரல் முதல் புதிய இரு சக்கர வண்டிகளில் விளக்கு பகலிலும் தானே எரிகிறது, அதனால் பல்பும் கூடுதலாகத் தேய்கிறது. எச்எஸ்1 டூமில் (பைக் விளக்கின் கூடு) எச்4-ஐத் திணிக்கும் பழக்கம் ஒன்று இருக்கிறது. வண்டியின் மின் உற்பத்தியும் டூமின் பிளாஸ்டிக்கும் அதற்குக் கட்டப்பட்டவை அல்ல. ஏழு அங்குல வட்ட விளக்கு உள்ள வண்டிகளுக்கு மட்டும் ஒரு வசதி உண்டு. அதே அளவில், ஹெட்லைட் என்ற முறையிலேயே சோதனை ஒப்புதல் பெற்ற முழு எல்இடி விளக்குகள் கிடைக்கின்றன. அங்கே வழி 6-இன் ஒளி, பாதி வலியில் கிடைக்கும். சட்டக் கேள்வி மட்டும் அங்கு சொன்னதேதான்.

லாரிக்காரர்கள் 24 வோல்ட் எச்4 வாங்கும்போது 75/70 வாட் என்று பார்த்து வாங்குங்கள். விளக்கு உயரத்தில் இருப்பதால், கோணம் கொஞ்சம் தப்பினாலும் எதிரே வரும் காரின் கண்ணாடிக்குள் நேரே விழும். ஹெட்லைட் நடுவில் கருப்பு ஸ்டிக்கர் ஒட்டும் பழைய வழக்கம் அதைச் சரிசெய்யாது. வெட்டுக்கோட்டுக்குக் கீழே போகவேண்டிய ஒளியையும் சேர்த்தே மறைக்கும்.

## எதை வாங்கினாலும், வாங்கும் முன்

சமதளமான இடத்தில், சுவருக்கு 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். டயரில் காற்று சரியாக, ஓட்டுநர் சீட்டில் ஒருவரோடு. விளக்கின் மையம் தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து, சுவரில் அதைவிட 10 சென்டிமீட்டர் கீழே சாக்பீஸால் கோடு போடுங்கள். டிம் போட்டால் வெட்டுக்கோட்டின் தட்டையான பகுதி அந்தக் கோட்டில் உட்கார வேண்டும். இல்லையென்றால் திருகைத் திருப்புங்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரியிலும், விளக்கு எரியும்போது ஹோல்டரிலும் வோல்ட் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ரிலே. போனில் சுவரைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எந்தப் பல்பை மாட்டினாலும் அதே இடத்தில் நிறுத்தி அதே சுவரைப் பாருங்கள். சாக்பீஸ் கோட்டுக்கு மேலே புதிதாக வெளிச்சம் தெரிந்தால், கடைக்காரர் பில்லைத் தேடச் சொல்வதற்கு முன்பே கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுங்கள்.